சொந்தமா டேபிள்டாப் ஆர்பிஜி வெளியிடப் போறீங்களா? ஓபன் லைசென்ஸை எந்த வரிசைல பாக்கணும் - முழு வழிகாட்டி

சின்னதும் பெருசுமா அஞ்சாறு ஆர்பிஜி (ஆளுக்கொரு பாத்திரமா மேஜைல உக்காந்து டைஸ் உருட்டி ஆடற கதை விளையாட்டு) பிடிஎஃப் வெளியிட்டிருக்கேன், அதைவிட அதிகமா மத்தவங்க எழுதினதை வெளிய போறதுக்கு முன்னாடி வாங்கிப் படிச்சுப் பாத்திருக்கேன். புதுசா வர்றவங்க தடுக்கி விழற இடம் கிட்டத்தட்ட ஒண்ணேதான். புக்கை முழுசா எழுதி, லேஅவுட் முடிச்சு, கவர் போட்டு, வெளியிடறதுக்கு முந்தின நாள் ராத்திரி வந்து "ஆமா, இதுக்கு என்ன லைசென்ஸ் போடணும்?"னு கேப்பாங்க. அந்த நேரத்துல உங்களுக்கு சாய்ஸே கிடையாது, நீங்க எங்கேர்ந்து என்ன எடுத்தீங்களோ அதுவே எல்லாத்தையும் முடிவு பண்ணி வச்சிருக்கும். அதனால வரிசைதான் இங்க முக்கியம், அந்த வரிசையிலயே சொல்றேன்.

நான் வக்கீல் இல்ல. பெரிய பணம் போட்டு அச்சடிக்கப் போறீங்கன்னா ஒரு வக்கீல்கிட்ட காட்டிட்டுப் போங்க.

1. முதல் வரி எழுதறதுக்கு முன்னாடி ஒரு ஷீட் திறங்க

ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போதும். என்ன எடுத்தேன், எந்த டாக்குமெண்ட், எந்த வெர்ஷன், என்ன லைசென்ஸ், நான் என்ன மாத்தினேன், கிரெடிட் வரி என்ன, இவ்ளோதான் காலம். என் ஷீட்ல ஒரு வரி இப்படி இருக்கும்: "விஷ ஊசிப் பொறி, பக்கம் 34. எஸ்ஆர்டி 5.1. சிசி பை 4.0. டேமேஜ் குறைச்சேன், வர்ணனை புதுசா எழுதினேன்." (எஸ்ஆர்டின்னா சிஸ்டம் ரெஃபரன்ஸ் டாக்குமெண்ட், பதிப்பாளர் "இதை எடுத்து யூஸ் பண்ணிக்கோ"ன்னு தனியா வெளியிடற விதித் தொகுப்பு. 5.1 டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ங்கற பிரபல ஆர்பிஜியோடது. சிசி பை ஒரு கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸ், விவரம் 4-வது படில.)

ஏன் இந்த வேலைன்னா, ஆறு மாசம் கழிச்சு உங்க டிராஃப்ட்ல ஒரு பாரா பாத்து இது நான் எழுதினதா, எங்கேர்ந்தாவது ஒட்டினதான்னு உங்களுக்கே தெரியாது, நாலு தடவை திருத்தின பாரான்னா சுத்தமா தெரியாது. கடைசில எல்லாப் பக்கத்தையும் சந்தேகத்தோட பாத்துக்கிட்டு உக்காரணும்.

கூடவே, எடுக்கற ஒவ்வொரு எஸ்ஆர்டி ஃபைலையும் அதோட லைசென்ஸ் டெக்ஸ்டையும் டவுன்லோட் பண்ணி ஒரு ஃபோல்டர்ல போட்டு வைங்க, லிங்க் மட்டும் சேவ் பண்ணி வச்சா பத்தாது. எஸ்ஆர்டி 5.1-ஐயே எடுத்துக்கோங்க, அது ஓஜிஎல் (ஓபன் கேம் லைசென்ஸ்) 1.0ஏ-லயும் இருக்கு, 2023 ஜனவரிலேர்ந்து சிசி பை 4.0-லயும் இருக்கு. உள்ள இருக்கற விதிகள் ஒண்ணுதான், ஆனா எந்தக் கதவு வழியா உள்ள வந்தீங்கங்கறதைப் பொறுத்து கட்டுப்பாடு மாறும்.

 

2. லைசென்ஸ் உங்களுக்குத் தேவையா இல்லையான்னு பாருங்க

நிறைய பேர் இந்தப் படியைத் தாண்டிடறாங்க. விளையாட்டு முறைக்கு காப்பிரைட் கிடையாது. அமெரிக்கச் சட்டத்துல 102(பி) பிரிவு ஐடியா, செய்முறை, சிஸ்டம் இதுக்கெல்லாம் காப்பிரைட் இல்லன்னு சொல்லுது. அதை எழுதி விளக்கின வார்த்தைகளுக்குத்தான் காப்பிரைட்.

"இருபது பக்க டைஸை உருட்டு, உன் திறமை எண்ணைக் கூட்டு, இலக்கு எண்ணைத் தொட்டா ஜெயிச்ச." இது யாரோட சொத்தும் இல்ல, உங்க வார்த்தைல எழுதிக்கலாம். ஆனா ஒரு மந்திரத்தை வர்ணிச்சு, அது எப்படி வெடிக்கும், என்ன வாசனை வரும், எது எரியும்னு ஒருத்தர் மூணு பாரா எழுதியிருந்தா அந்த மூணு பாரா அவரோடது. நடுவுல ஒரு மங்கலான பகுதி இருக்கு: நூறு மந்திரத்தோட பேர், எந்த லெவல்ல எது வரும்ங்கற வரிசை, மான்ஸ்டர் தேர்வு, இதெல்லாம் மொத்தமா எடுத்தா முறையா எழுத்தான்னு கோர்ட்தான் சொல்லணும். ஓபன் லைசென்ஸ் உங்களுக்கு வாங்கித் தர்றது இந்த மங்கலான பகுதில ஒரு நிம்மதி. அதுக்கு விலையா சில நிபந்தனைக்குக் கையெழுத்துப் போடறீங்க.

அதனால டைஸ் முறை மட்டும்தான் எடுத்திருக்கீங்க, எழுத்து முழுக்க சொந்தம்னா, ஒரு பாதுகாப்புக்குன்னு ஓஜிஎல்-ஐக் கொண்டுவந்து ஒட்டாதீங்க. ஓஜிஎல்-ல கையெழுத்துப் போட்டா அடுத்தவங்க டிரேட்மார்க் பேரைச் சொல்லி "இதோட கம்பேட்டிபிள்"னு போட மாட்டேன்னு ஒப்பந்தம் பண்ணிக்கறீங்க. லைசென்ஸ் இல்லாம இருந்தா உங்ககிட்ட இருந்திருக்கக்கூடிய ஒரு உரிமையை நீங்களே கைமாத்தி விட்ட மாதிரி ஆயிடும்.

3. எஸ்ஆர்டி வேற, ரூல்புக் வேற

அடிக்கடி பாக்கற தப்பு இது. "டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஓபன் ஆயிடுச்சே"ன்னு சொல்லிட்டு கடைல வாங்கின ரூல்புக்கைப் பக்கத்துல விரிச்சு வச்சு எழுதுவாங்க. ஓபன் ஆனது எஸ்ஆர்டில இருக்கறது மட்டும்தான்.

எஸ்ஆர்டி 5.1-ஐத் திறந்து பாருங்க, மொத்தம் 1 ஃபீட் (பாத்திரத்துக்குக் கூடுதலா கிடைக்கற சிறப்புத் திறமை) தான் இருக்கும், கிராப்ளர். பேக்ரவுண்டும் (பாத்திரத்தோட முன்கதை) 1 தான், அகோலைட். 12 கிளாஸும் (போர்வீரன், மந்திரவாதி மாதிரி பாத்திர வகை) இருக்கு, ஆனா ஒவ்வொண்ணுக்கும் சப்கிளாஸ், அதாவது உட்பிரிவு, ஒண்ணே ஒண்ணு. ரூல்புக்ல இருக்கற மத்த ஃபீட், மத்த சப்கிளாஸ் எதுவும் உங்களுக்குக் கிடைக்கல. மந்திரப் பேர்ல கூட இந்த வித்தியாசம் தெரியும், ரூல்புக்ல "மெல்ஃப்ஸ் ஆசிட் ஆரோ"ன்னு இருக்கறது எஸ்ஆர்டில வெறும் "ஆசிட் ஆரோ", "பிக்பிஸ் ஹேண்ட்" அங்க "ஆர்கேன் ஹேண்ட்". கேரக்டர் பேரைக் கழிச்சுட்டுக் கொடுத்திருக்காங்க. உங்க டிராஃப்ட்ல மெல்ஃப் வந்தா, நீங்க எஸ்ஆர்டிலேர்ந்து எடுக்கலைங்கறதுக்கு அதுவே சாட்சி.

நான் பண்றது என்னன்னா எழுதும்போது ரூல்புக்கை அலமாரிலயே விட்டுடுவேன், எஸ்ஆர்டி பிடிஎஃப் மட்டும் திறந்திருக்கும். தேடி அதுல கிடைக்கலன்னா அது இல்ல, அவ்ளோதான். 2025-ல வந்த 5.2 வரிசை எஸ்ஆர்டியும் சிசி பை 4.0-லதான் வந்திருக்கு, ஆனா 5.1-ல இருக்கற எல்லாம் அதுல அப்படியே இருக்கும்னு நினைக்காதீங்க, எதுலேர்ந்து எடுத்தீங்கன்னு ஷீட்ல வெர்ஷன் நம்பரோட போடுங்க.

4. எடுக்கறது எந்த லைசென்ஸ்ல இருக்குன்னு அடையாளம் காணுங்க

சிசி பை: கிரியேட்டிவ் காமன்ஸ்ல ரொம்ப சுலபமானது. பேர் சொல்லணும், மாத்தினா மாத்தினேன்னு சொல்லணும், அவ்ளோதான். விக்கலாம், மொழிபெயர்க்கலாம், நீங்க புதுசா சேத்ததை மூடியும் வச்சுக்கலாம். பிளேட்ஸ் இன் தி டார்க் எஸ்ஆர்டி, ஃபேட் எஸ்ஆர்டி ரெண்டும் சிசி பை, ஆனா 3.0 வெர்ஷன். இந்த 3.0, 4.0 நம்பரை அலட்சியமா விடாதீங்க. 4.0-ல தப்பு பண்ணிட்டு, தெரிஞ்ச 30 நாளுக்குள்ள சரி பண்ணிட்டா உரிமை தானா திரும்ப வந்துடும், 3.0-ல அந்த வசதி கிடையாது.

சிசி பை எஸ்ஏ: மேல சொன்னதோட ஒரு கொக்கி. அதுலேர்ந்து உருவாக்கின டெக்ஸ்டை நீங்களும் அதே லைசென்ஸ்லதான் விடணும். கெய்ர்ன்ங்கற கேம் இந்த ரகம். தப்பே இல்ல, நல்ல லைசென்ஸ், ஆனா முழு அட்வென்ச்சரையும் எழுதி முடிச்சு அப்புறமா இதைக் கண்டுபிடிச்சா முகம் சுருங்கிடும்.

என்சி, என்டி: என்சின்னா காசு பாக்கக் கூடாது. "அச்சுச் செலவை மட்டும்தான் வாங்கறேன்"னு வாதாடறவங்களைப் பாத்திருக்கேன், நான் அந்தப் பக்கமே போக மாட்டேன். என்டின்னா மாத்தினதை வெளியிடக் கூடாது, மொழிபெயர்ப்பும் மாத்தறதுதான், அதனால என்டி போட்ட கேமைத் தமிழ்ல கொண்டுவந்து போட முடியாது.

ஓஜிஎல் 1.0ஏ: 2000-ல வந்தது, இன்னும் நிறைய பழைய கேம், குறிப்பா பழைய பாணி டன்ஜன் கேம் எல்லாம் இதுலதான் நிக்குது. புக்கை ரெண்டாப் பிரிக்கும்: ஓபன் கேம் கன்டென்ட் எடுத்துக்கலாம், பிராடக்ட் ஐடென்டிட்டி தொடவே கூடாது. எஸ்ஆர்டி 5.1-ஓட ஓஜிஎல் பதிப்புல பிஹோல்டர், மைண்ட் ஃப்ளேயர் மாதிரி பேரெல்லாம் பிராடக்ட் ஐடென்டிட்டி லிஸ்ட்ல இருக்கு. இதோட டெக்ஸ்ட்ல "நிரந்தரம்"னு இருக்கு, "திரும்பப் பெற முடியாது"ங்கற வார்த்தை இல்ல, 2023-ல டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பதிப்பாளர் விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் இந்த லைசென்ஸை நிறுத்தப் பாத்தப்போ நடந்த கலாட்டா முழுக்க அந்த ஓட்டை வழியாத்தான் வந்துச்சு. கடைசில 1.0ஏ அப்படியே நிக்கும்னு விட்டுட்டாங்க, ஆனாலும் அதே விஷயம் சிசி பை-ல கிடைச்சா நான் புது புக்குக்கு ஓஜிஎல் பக்கம் திரும்பறதில்ல.

ஓஆர்சி (ஓபன் ஆர்பிஜி கிரியேட்டிவ் லைசென்ஸ்): அந்தக் கலாட்டாவுக்கு அப்புறம் பாத்ஃபைண்டர் கேமோட பதிப்பாளர் பைஸோ முன்னின்று 2023-ல கொண்டுவந்தது, பாத்ஃபைண்டர் ரெண்டாம் எடிஷனோட ரீமாஸ்டர் புக்ஸ் இதுலதான் வருது. இதுல திரும்பப் பெற முடியாதுன்னு தெளிவா எழுதியிருக்கு. கதை, பாத்திரம், உலகம், படம், டிரேட்மார்க் இதெல்லாம் தானாவே உங்களோடதா ஒதுக்கப்படும், ஆனா விளையாட்டு முறை எல்லாம் தானாவே எல்லாருக்கும் திறந்துடும். நீங்க புதுசா கண்டுபிடிச்ச முறையும் சேத்துத்தான். "மேஜிக் சிஸ்டம் மட்டும் எனக்கு ரிசர்வ்"னு ஓஆர்சி புக்ல போட முடியாது, போட்டாலும் செல்லாது.

இதுக்கு வெளில சில ஐட்டம் இருக்கு, ஓபன் லைசென்ஸ் மாதிரியே தெரியும், ஆனா இல்ல. மோர்க் போர்க் மாதிரி கேமுக்கு அவங்களே எழுதின தேர்ட் பார்ட்டி லைசென்ஸ் இருக்கு, அதோட நிபந்தனை அதுக்கு மட்டும்தான், வேற எதுக்கும் பொருந்தாது. டன்ஜன் மாஸ்டர்ஸ் கில்ட் ஒரு கடை ஒப்பந்தம்: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் உலகத்தையும் பாத்திரங்களையும் யூஸ் பண்ணலாம், பதிலுக்கு வித்த விலைல பாதிதான் உங்களுக்கு, அதை வேற எங்கயும் விக்க முடியாது. விசர்ட்ஸோட ஃபேன் கன்டென்ட் பாலிசின்னு ஒண்ணு இருக்கு, அது இலவசமா போடறதுக்கு மட்டும். இந்த மூணையும் "லைசென்ஸ் இருக்குல்ல"ன்னு ஒரே பைல போட்டுக் குழப்பிக்காதீங்க.

5. கலக்கறதுக்கு முன்னாடி கலக்கலாமான்னு பாருங்க

ஷீட்ல லைசென்ஸ் காலத்தை மட்டும் ஃபில்டர் பண்ணுங்க. ஒரே லைசென்ஸ்னா அடுத்த படிக்குப் போங்க. ரெண்டு மூணு வந்தா நிதானமாப் பாக்கணும்.

சிசி பை எதோடயும் பெரும்பாலும் ஒத்துப் போகும், கிரெடிட் கொடுத்துட்டு ஓஆர்சி புக்குக்குள்ளயும் கொண்டுவரலாம், எஸ்ஏ புக்குக்குள்ளயும் கொண்டுவரலாம். திரும்பி வர்றதுதான் முடியாது. எஸ்ஏ-ல இருந்ததை எடுத்து சிசி பை-ன்னு வெளியிட முடியாது, அடுத்தவங்களோட ஓஜிஎல் கன்டென்டை எடுத்து சிசி-ன்னு மாத்த முடியாது, அந்த உரிமை எழுதினவங்ககிட்ட மட்டும்தான் இருக்கு. எஸ்ஏ-வையும் ஓஆர்சி-யையும் ஒரே டெக்ஸ்ட்ல பின்னவே முடியாது, ரெண்டும் "என்னோட ரூல்லதான் விடணும்"னு சொல்லும்.

போன வருஷம் ஒரு தம்பி அட்வென்ச்சர் ஒண்ணு அனுப்பினார், அருமையா எழுதியிருந்தார். மான்ஸ்டர் எல்லாம் எஸ்ஆர்டி 5.1, காயம் பட்டா என்னாகும்ங்கற டேபிள் ஒரு எஸ்ஏ கேம்லேர்ந்து, பொக்கிஷ டேபிள் ஒரு பழைய ஓஜிஎல் புக்லேர்ந்து. பொக்கிஷ டேபிளைத் தூக்கிட்டு சொந்தமா எழுதச் சொன்னேன், ரெண்டு சாயங்காலத்துல முடிச்சுட்டார், முன்னதைவிட நல்லாவும் வந்துச்சு. காய டேபிளை வச்சுக்கணும்னு பிடிவாதமா இருந்தார், சரின்னு புக் டெக்ஸ்ட் முழுசையும் எஸ்ஏ-ல விட்டார். எழுதறதுக்கு முன்னாடி ஷீட் இருந்திருந்தா இது பத்து நிமிஷ முடிவு.

6. கிரெடிட் பக்கம் எழுதறது

நாலஞ்சு வரிதான், ஆனா இதுலதான் நிறைய பேர் லைசென்ஸையே மீறறாங்க.

சிசி-க்கு: எழுதினவர் பேர், படைப்போட பேர், காப்பிரைட் வரி, எந்த லைசென்ஸ் எந்த வெர்ஷன், லைசென்ஸ் லிங்க், மாத்தினேன்ங்கற ஒரு வாக்கியம். படைப்போட பேர் 4.0-ல கட்டாயம் இல்ல, 3.0-ல கட்டாயம், அதனால எப்பவும் போட்டுடுங்க. மூலத்துலயே "இந்த வரியைப் போடு"ன்னு கொடுத்திருந்தா அதை எழுத்து மாறாம போடுங்க. எஸ்ஆர்டி 5.1 அப்படித்தான், ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, இதைத் தவிர எங்க கம்பெனி பேரை வேற எந்த விதத்துலயும் கிரெடிட்டா போடாதீங்கன்னும் கேட்டிருக்காங்க. உங்க புக் தமிழ்ல இருந்தாலும் அந்த வரியை இங்கிலீஷ்லயே விட்டுட்டு, வேணும்னா கீழ தமிழ்ல விளக்குங்க.

ஓஜிஎல்-க்கு: லைசென்ஸ் டெக்ஸ்ட் முழுசும் புக்குக்குள்ள இருக்கணும், லிங்க் போதாது. அப்புறம் செக்‌ஷன் 15. அது லைசென்ஸ்ல காப்பிரைட் வரிகளை அடுக்கற பகுதி, நீங்க எடுத்த ஒவ்வொரு மூலத்தோட செக்‌ஷன் 15-ஐயும் அப்படியே காப்பி பண்ணி, கடைசில உங்க புக் பேர், வருஷம், உங்க பேர் சேக்கணும். புதுசா வர்றவங்க கடைசி மூலத்தை மட்டும் போட்டுட்டு அதுக்கு முன்னாடி இருக்கற சங்கிலியை விட்டுடறாங்க. சில பேர் நேர் எதிரா, படிச்சு ரசிச்ச புக் பேரெல்லாம் அதுல கொட்டறாங்க. அது நன்றி சொல்ற இடம் இல்ல, நன்றிப் பக்கம் தனியா வைங்க. உங்க புக்ல எது ஓபன்னு தெளிவா குறிக்கறதும் கட்டாயம், "விதிகள் எல்லாம் ஓபன்"னு போட்டா பத்தாது, எந்த அத்தியாயம், எந்த பாக்ஸ்னு சொல்லுங்க.

ஓஆர்சி-க்கு: முழு லைசென்ஸையும் அச்சடிக்க வேணாம், ஓஆர்சி நோட்டீஸ் போதும். அதுல லைசென்ஸ் அறிவிப்பு, மூலத்துக்கு கிரெடிட், உங்க ரிசர்வ்ட் மெட்டீரியல் எதுன்னு ஒரு வரி, ரிசர்வ்ல இருக்க வேண்டியதையும் நீங்களா திறந்து விட்டிருந்தா அதுக்கு ஒரு வரி.

பொதுவான ஒரு தப்பு: மேல "எந்தப் பகுதியையும் எந்த வடிவத்திலும் நகல் எடுக்கக் கூடாது"ன்னு பழைய புத்தகப் பாணில ஒரு மிரட்டல், கீழயே சிசி கிரெடிட். சிசி பகுதிக்கு நீங்க கூடுதலா தடை போட முடியாது. எது உங்களோடது, எது சிசி-லேர்ந்து வந்ததுன்னு பிரிச்சு எழுதுங்க.

7. கவர்ல என்ன போடலாம்

ஓபன் லைசென்ஸ் காப்பிரைட்டைத்தான் தருது, டிரேட்மார்க்கைத் தரல. சிசி 4.0-லயே டிரேட்மார்க் சேராதுன்னு எழுதியிருக்கு. அதனால டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் லோகோ, அந்த மாதிரி எழுத்து ஸ்டைல், டிராகன் மாதிரி வளைஞ்ச ஆம்பர்சண்ட் (& குறி), எதுவும் வேணாம். எஸ்ஆர்டி 5.1 சிசி பதிப்புல "ஃபிஃப்த் எடிஷனோட கம்பேட்டிபிள்", "5இ கம்பேட்டிபிள்" இப்படிப் போட்டுக்கலாம்னு அவங்களே சொல்லியிருக்காங்க, அதுக்கு மேல போக வேண்டியதில்ல. மத்த கேமுக்கு "ஃபோர்ஜ்ட் இன் தி டார்க்" மாதிரி தனி பேட்ஜ் இருக்கும், அதுக்குன்னு தனி நிபந்தனையும் இருக்கும், படிச்சுட்டு ஒட்டுங்க.

8. படம், மேப், ஃபாண்ட்

டெக்ஸ்ட் லைசென்ஸை அலசி ஆராய்ஞ்சுட்டு ஃபாண்ட்ல மாட்டினவன் நான். "ஃப்ரீ"ன்னு போட்டிருந்த ஒரு தலைப்பு ஃபாண்ட், ஜிப்புக்குள்ள இருந்த டெக்ஸ்ட் ஃபைல்ல பர்சனல் யூஸ் மட்டும்னு இருந்துச்சு. வெளியீட்டுக்கு மூணு நாள் முன்னாடி பாத்து, எல்லாத் தலைப்பையும் மாத்தி, பக்க எண் எல்லாம் நகர்ந்து, இன்டெக்ஸை மறுபடி போட்டேன். அதுலேர்ந்து ஓபன் ஃபாண்ட் லைசென்ஸ்ல இருக்கறதைத் தவிர எதையும் தொடறதில்ல.

படத்துக்கும் அதே ஷீட், அதே காலம். ஓவியர்கிட்ட காசு கொடுத்து வரைஞ்சாலும் எதுக்கு உரிமை வாங்கறீங்கன்னு எழுதி வாங்குங்க: பிடிஎஃப்-க்கு மட்டுமா, அச்சுக்குமா, விளம்பரத்துக்குமா. எஸ்ஆர்டி ஓபன்ங்கறதால ரூல்புக் படமும் ஓபன்னு ஒரு நினைப்பு இருக்கு. கிடையவே கிடையாது.

9. உங்க வேலையை நீங்க எந்த லைசென்ஸ்ல விடப் போறீங்க

எஸ்ஏ, ஓஆர்சின்னா ஏற்கனவே பதில் வந்தாச்சு. சிசி பை-லேர்ந்து எடுத்திருந்தாலோ முழுக்க சொந்தமோன்னாதான் இந்தக் கேள்வி.

மொதல்ல, திறந்து விடற உரிமை உங்ககிட்ட இருக்கா பாருங்க. கூட எழுதினவர், அட்வென்ச்சருக்கு ஒரு அத்தியாயம் கொடுத்த நண்பர், ஓவியர் எல்லாரும் எழுத்துல சம்மதிக்கணும். நட்பு நல்லா இருக்கும்போதே வாங்கிடுங்க. சிசி-ய அப்புறமா திரும்ப வாங்க முடியாது, நாளைக்கு மனசு மாறி லைசென்ஸை எடுத்துட்டாலும் முன்னாடி வாங்கினவங்களுக்கு அது அப்படியே இருக்கும்.

அழகா லேஅவுட் பண்ண புக் மேல மொத்தமா சிசி பை முத்திரை குத்தறதை நான் சொல்ல மாட்டேன். குத்தினா படம், உலகம், பாத்திரம் எல்லாம் போயிடும், சில சமயம் உங்களுக்கே சொந்தமில்லாத படமும் சேந்து போயிடும். விதிகளை மட்டும் தனி டெக்ஸ்ட் ஃபைலா, உங்க சொந்த எஸ்ஆர்டியா வெளியிடுங்க, முதல் பக்கத்துலயே லைசென்ஸ், அவங்க போட வேண்டிய கிரெடிட் வரி ரெண்டையும் ரெடியா எழுதிக் கொடுங்க. கிரெடிட் வரியை நீங்க கொடுக்கலன்னா ஆளாளுக்கு ஒண்ணு எழுதுவாங்க, உங்க பேர்ல எழுத்துப் பிழையோட. நான் என் எஸ்ஆர்டிக்கு சிசி பை போடறேன், என்சி போட்டா நல்ல டிசைனர்ஸ் யாரும் தொட மாட்டாங்கங்கறது என் அனுபவம்.

10. அப்லோடு பண்ற அன்னைக்கு

ஷீட்டை ஒரு பக்கம், பிடிஎஃப்-ஐ இன்னொரு பக்கம் திறந்து, ஷீட்ல இருக்கற ஒவ்வொரு வரிக்கும் கிரெடிட் பக்கத்துல ஆள் இருக்கான்னு பாருங்க. அப்புறம் தலைகீழா, கிரெடிட் பக்கத்துல இருந்து ஷீட்டுக்கு. டிராஃப்ட்லேர்ந்து தூக்கின விஷயத்துக்கு கிரெடிட் மட்டும் தொங்கிட்டு இருக்கும், அதை அப்போதான் கண்டுபிடிப்பீங்க.

பிடிஎஃப்-ல ரூல்புக் பேர்களை ஒரு தடவை சர்ச் பண்ணுங்க: மெல்ஃப், பிக்பி, பிஹோல்டர். காப்பி-பேஸ்ட் தடுக்கற லாக் போடாதீங்க, சிசி பகுதிய யூஸ் பண்ண விடாம தடுக்கற டெக்னிக்கல் பூட்டு போடக் கூடாது, வாங்கினவர் பேரை வாட்டர்மார்க் பண்றது வேற, அது பரவால்ல.

வெளியிட்ட பிறகு யாராவது "கிரெடிட் விட்டுப் போச்சு"ன்னு மெயில் போட்டா சண்டைக்குப் போகாம அன்னைக்கே ஃபைலை மாத்துங்க. ஓஜிஎல்-ல தப்பு தெரிஞ்சதுலேர்ந்து 30 நாள் அவகாசம் இருக்கு, சிசி 4.0-லயும் அதே 30 நாள், அதுக்குள்ள சரி பண்ணிட்டா போதும். மாத்தின தேதியையும் எதை மாத்தினீங்கங்கறதையும் அதே ஷீட்ல கடைசி வரியா போட்டு வைங்க.